ஐந்து ஆண்டுகளைத் தாண்ட முடியாத கதை

1991 கோடையில் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஓர் அறிவியல் புனைகதையை எழுதிக்கொண்டிருந்தார். அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு காட்சி நடுவே வந்து மறித்தது. கோடைகாலத்துப் பனியில் சில சிறுவர்கள் ஓநாய்க் குட்டிகளைக் கண்டெடுக்கிறார்கள். கையிலிருந்த நாவலை ஒதுக்கிவிட்டு அந்தக் காட்சியின் பின்னால் போனார். 1993 அக்டோபரில் 13 அத்தியாயங்களைத் தன் இலக்கிய முகவருக்கு அனுப்பியபோது, கூடவே ஒரு கடிதமும் வைத்தார். கதை மூன்று பாகங்களில் முடியும் என்றது கடிதம். இரண்டாம் பாகத்துக்கு ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ என்றும் மூன்றாம் பாகத்துக்கு ‘தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்’ என்றும் பெயர் சூட்டியிருந்தார்.

இரண்டாம் பாகத்துக்கு வைத்த அந்தப் பெயர் 2011இல் ஐந்தாம் பாகத்தின் அட்டையில் ஏறியது. மூன்றாம் பாகத்தின் பெயர் இப்போது ஆறாம் பாகத்துக்கு உரியது. அந்த நூல் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு ஏழாவது ஒன்றும் இருக்கிறது.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று தொலைக்காட்சி வழியே உலகம் அறிந்த இந்தத் தொடரைப் பற்றி, எழுதுகிறவருக்குச் சோம்பல் என்றும் பணம் வந்ததும் ஆர்வம் போய்விட்டது என்றும் பேசுகிறவர்கள் நிறைய. நூல்கள் வெளிவந்த ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1996, 1998, 2000 என்று முதல் மூன்று நூல்களும் இரண்டாண்டுக்கு ஒன்றாக வந்தன. மூன்றாவது நூல் மிகப் பெரியது, அதுவும் தாமதமாகவில்லை. அடுத்தது 2005இல்தான் வந்தது. அதற்கடுத்தது 2011இல். தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதே 2011 ஏப்ரலில். வேகம் தடைப்பட்டது அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு. அப்போது நடந்தது ஒரு திட்ட மாற்றம்.

கதை தொடங்கும்போது பிரானுக்கு வயது 7, ஆர்யாவுக்கு 9, டெனேரிஸுக்கு 13. கதை நகர நகர இவர்களும் வளர்ந்துவிடுவார்கள் என்பது மார்ட்டினின் கணக்கு. அத்தியாயங்களுக்கு இடையே வாரங்களும் மாதங்களும் ஓடினால் போதும். ஆனால் போரும் சூழ்ச்சியுமாகப் போகிற கதையில் ஓர் அத்தியாயம் ஆபத்தில் முடிந்தால், அடுத்தது மறுநாளே தொடங்கியாக வேண்டும். உயிர்தப்ப ஓடுகிறவளை இரண்டு மாதம் சும்மா உட்காரவைக்க முடியாது. இப்படி மூன்று தடித்த நூல்கள் முடிந்தபோது கதைக்குள் சுமார் இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. சிறுவர்கள் சிறுவர்களாகவே நின்றார்கள்.

மார்ட்டின் ஒரு வழி கண்டார். மூன்றாம் நூலுக்கும் நான்காம் நூலுக்கும் இடையே ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிடுவது. பயிற்சி முடித்த ஆர்யா, வித்தை கற்ற பிரான், பருத்து வளர்ந்த டிராகன்கள் என்று நான்காம் நூல் புதிதாகத் தொடங்கும். இந்தத் திட்டப்படி ஓராண்டு போல எழுதவும் செய்தார்.

சிலருக்கு இது அழகாகப் பொருந்தியது. மூன்றாம் நூலின் முடிவில் ஆர்யா கடல் தாண்டிப் புறப்படுகிறாள்; பிரான் வடக்கே போகிறான். இருவருக்கும் கற்கும் காலம் தேவை. மற்றவர்களுக்குப் பொருந்தவே இல்லை. ஜான் ஸ்னோ அப்போதுதான் வடக்குச் சுவரின் தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறான். ஐந்து ஆண்டுகள் அவன் என்ன செய்தான்? ஒன்றும் நடக்கவில்லை என்றால் நம்ப முடியாது. நிறைய நடந்தது என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். தலைநகரில் ஆட்சியிலிருக்கும் செர்ஸியின் கதையும் அப்படித்தான். ஒவ்வோர் அத்தியாயத்திலும் பாத்திரங்கள் நின்று நின்று பழையதை நினைவுகூர வேண்டியதாயிற்று. 2001இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்.

ஓராண்டு உழைப்பு போனதுதான் நஷ்டம் என்று தோன்றும். உண்மையான விலை அதைவிடப் பெரியது. ‘ஐந்து ஆண்டுகள் கழிந்தன’ என்பது ஒரே வரி. அந்த வரியை அடித்துவிட்டால், அது மறைத்துவைத்திருந்த காலம் முழுவதும் காட்சிகளாக விரிந்து எழுதச் சொல்லிக் கேட்கும். ஜான் தளபதியாகத் தடுமாறுவது, செர்ஸி ஆட்சியைக் கெடுப்பது, டெனேரிஸ் தான் வென்ற நகரத்தை ஆள முடியாமல் திணறுவது: நான்காம், ஐந்தாம் நூல்களின் பெரும்பகுதி இதுதான். அரியணையைப் பிடிக்கிற கதைகள் ஏராளம். பிடித்த பிறகு தினமும் ஆள்வது எவ்வளவு கடினம் என்று இத்தனை நெருக்கமாகக் காட்டிய மிகைபுனைவுகள் சிலவே. இந்த அத்தியாயங்களுக்காக நான் எத்தனை ஆண்டும் காத்திருப்பேன்.

எழுதிய பக்கங்கள் ஒரு நூலுக்குள் அடங்கவில்லை. அப்போது இரண்டாவது மாற்றம் வந்தது. கதையைக் காலப்படி நடுவில் வெட்டாமல் இடப்படி பிரித்தார்கள். தெற்கில் இருப்பவர்களின் கதை 2005இல் வந்த ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’ நூலில். ஜான், டிரியன், டெனேரிஸ் ஆகியோரின் கதை அடுத்ததில். பாதி எழுதியாகிவிட்டதே என்ற நம்பிக்கையில், மற்றது அடுத்த ஆண்டே வரும் என்று நூலின் பின்குறிப்பில் எழுதினார். ஆறு ஆண்டுகள் ஆயின.

காரணம் இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது. இரண்டு நூல்களும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நடக்கின்றன. முதலில் அச்சானது இரண்டாவதைக் கட்டிப்போட்டுவிடும். ஜானும் அவன் நண்பன் சாமும் பேசுகிற ஒரு காட்சி, நான்காம் நூலில் சாமின் பார்வையிலும் ஐந்தாம் நூலில் ஜானின் பார்வையிலும் வருகிறது. பேச்சு இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். வாசகர் கையில் போய்ச்சேர்ந்த வரியை இனித் தொட முடியாது.

டோல்கீனுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையை 1937 டிசம்பரில் தொடங்கினார். முதல் பகுதி அச்சில் வந்தது 1954இல். இடையில் அவரும் பலமுறை திட்டத்தை மாற்றினார். பின்னாளில் அரசனாகப் போகும் அரகார்ன், முதல் வரைவுகளில் மரச்செருப்புப் போட்ட ஒரு குள்ள ஹாபிட். அவனை மனிதனாக்க முடிவு செய்ததும் முதல் அத்தியாயங்களுக்கே திரும்பிப்போய்த் திருத்தினார். ஒரு பக்கமும் வெளியே போயிருக்கவில்லை. முன்பே அச்சாகியிருந்த ‘தி ஹாபிட்’ மட்டும் புதிய கதையோடு முரண்பட்டது. மோதிரம் கைமாறும் அத்தியாயத்தை 1951 பதிப்பில் மாற்றி எழுதினார். முன்கதை ஒன்றில் ஓர் அத்தியாயம் என்பதால் அது முடிந்தது.

மார்ட்டினின் மூன்றாவது சிக்கலை வாசகர்கள் ‘மெரீன் முடிச்சு’ என்று அறிவார்கள். டெனேரிஸ் ஆளும் மெரீன் நகரை நோக்கி வெவ்வேறு திசைகளிலிருந்து பலர் வருகிறார்கள். யார் முதலில் வந்து சேர்வது? மூன்று பேர் என்றால் 6 வரிசைகள் சாத்தியம். ஐந்து பேர் என்றால் 120. ஏழு பேர் என்றால் 5,040. முதலில் வருகிறவர் கொண்டுவரும் செய்தி அரசியின் முடிவை மாற்றும். அந்த முடிவு அடுத்து வருகிறவரின் நிலையை மாற்றும். டோர்ன் நாட்டு இளவரசன் குவென்டின், அரசியின் திருமணத்துக்கு வெகுமுன் வருவதாக ஒன்று, வெகுபின் வருவதாக ஒன்று, முதல்நாள் வருவதாக ஒன்று என்று மூன்று விதமாகவும் மார்ட்டின் எழுதிப் பார்த்தார். எழுதினால்தான் மற்றவர்கள் கதை எப்படித் திரும்புகிறது என்று தெரியும்.

இதை இன்னும் இறுக்குவது அவருடைய உத்தி. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே பாத்திரத்தின் கண் வழியாக மட்டும் நகரும். அந்தக் கண் இல்லாத இடத்தில் நடப்பதைச் சொல்ல முடியாது. முதல் நூலில், முன்னுரையை விட்டால், அத்தகைய பாத்திரங்கள் 8 பேர். ஐந்தாவதில், முன்னுரையும் முடிவுரையும் நீங்கலாக, 16. மெரீனில் அரசி இல்லாத நேரத்தில் நடப்பதைக் காட்ட வழியில்லாமல் தவித்தவருக்கு, கடைசியில் முதிய வீரர் பாரிஸ்டனைப் பார்வையாளராக்கியதும்தான் முடிச்சு அவிழ்ந்தது.

தேதி சொல்லித் தவறுவது இவருக்கு மட்டும் நேர்வதில்லை. உளவியலாளர் ரோஜர் ப்யூலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டான் 2007இல் இறந்தார். ஒரே நூலாக முடியும் என்று அவர் சொல்லியிருந்த கடைசிப் பாகம், பிராண்டன் சாண்டர்சன் கையில் மூன்று நூல்களாகி 2013இல்தான் நிறைவடைந்தது.

மார்ட்டினின் ஆறாம் நூல் கடனோடுதான் தொடங்குகிறது. ஐந்தாம் நூல் இரண்டு பெரும்போர்களில் முடிவதாக இருந்தது. ஒன்று பனியில், மற்றொன்று மெரீன் மதிலடியில். பக்கங்கள் மிகுந்துபோனதால் இரண்டும் அடுத்த நூலுக்குத் தள்ளப்பட்டன. அந்தப் போர்கள் முடிந்த பிறகுதான், ஆறாம் நூலுக்கென்று நினைத்திருந்த கதை தொடங்க முடியும்.