பம்பாய்ப் பெட்டியின் மதிப்பு

மும்பைக் கடைத்தெருவின் பேச்சு வழக்கில் ‘பேட்டி’ என்றால் ஒரு லட்சம் ரூபாய். ‘கோக்கா’ என்றால் ஒரு கோடி. இரண்டு சொற்களுமே பெட்டியைக் குறிப்பவை. பணத்துக்கே பெட்டியின் பெயரை இட்ட இந்நகரம், ஒரு காலத்தில் உண்மையான பெட்டிகளுக்காகவும் கடல் கடந்து பெயர் பெற்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறிய அணிப்பெட்டிகளை ஆங்கிலேயர் ‘பம்பாய்ப் பெட்டிகள்’ என்றே அழைத்தனர்.

இப்பெட்டிகளை அழகுசெய்த கலைக்குச் ‘சாடேலி’ என்று பெயர். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து சிந்து வழியாகச் சூரத்துக்கும், பின்னர் பம்பாய்க்கும் இக்கலை வந்தது என்று கருதப்படுகிறது. பார்சிக் கைவினைஞர் பலர் இதில் தேர்ந்து விளங்கினர்.

சாடேலியின் செய்முறை வியப்புக்குரியது. சந்தனம், கருங்காலி, செந்நிறப் பதிமுகம், வெள்ளைத் தந்தம், பச்சைச் சாயமேற்றிய தந்தம், வெள்ளீயக் கம்பி ஆகியவற்றை முதலில் மெல்லிய குச்சிகளாக இழைத்துக்கொள்வர். அவற்றைப் பசையிட்டு ஒன்றாகக் கட்டினால், குறுக்கு முகத்தில் ஒரு விண்மீனோ, மலரோ, அறுகோணமோ தோன்றும். அந்தக் கட்டினை வெள்ளரிப் பிஞ்சை அரிவதுபோல் வில்லை வில்லையாக அரிந்தால், ஒவ்வொரு வில்லையிலும் அதே கோலம் அமைந்திருக்கும். அவ்வில்லைகளைச் சந்தனப் பெட்டியின் மேல் ஒட்டி, தேய்த்து மெருகேற்றுவர். குச்சிகளைக் கட்டும்போது ஒன்று பிசகினாலும், அப்பிழை எல்லா வில்லைகளிலும் தொடரும்.

தையற்பெட்டி, எழுதுபெட்டி, முகவரிச் சீட்டு உறை எனப் பல வடிவங்களில் இவை விற்பனையாயின. 1851இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியிலும் பம்பாயின் பதிப்பு வேலைப்பாடுகள் இடம்பெற்றன.

ஆயினும் இந்த அழகுக்கு இயற்கையே விலை கொடுத்தது. பெட்டிக்கு மரங்கள் வெட்டப்பட்டன. தந்தத்துக்காக யானைகள் மாண்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தந்த வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. 1986இல் இந்திய யானையின் தந்தத்துக்கும், 1991இல் ஆப்பிரிக்க யானையின் தந்தத்துக்கும் தடை வந்தது.

தந்தம் போனபின் சாடேலியும் போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை. சூரத்தில் சில குடும்பத்தினர் சாயமேற்றிய மரம், நெகிழி போன்ற மாற்றுப் பொருள்களைக் கொண்டு இன்றும் அதே கோலங்களைக் கட்டி வருகின்றனர். நகைக்கடன் வழங்கும் நமக்கு, பொருளை எடையிட்டு விலை மதிப்பது பழகிப்போன வழக்கம். அந்த அளவுகோல் இங்கே பயன்படாது. பெட்டியின் மதிப்பு தந்தத்தில் இருந்ததில்லை. குச்சிகளை வரிசை பிசகாமல் அடுக்கிய கையில் இருந்தது. அக்கைகள் குறைந்துவருவதே இன்றைய கவலை. கற்பவருக்கு ஊதியம் கட்டுப்படியாகாவிடில், தடை எதுவும் இல்லாமலேயே இக்கலை மறைந்துவிடும்.

ஆகவே, வாடிக்கையாளர்களின் கவனத்துக்குச் சில செய்திகள். தந்தம் பதித்த பழைய பெட்டி பரம்பரையாக வந்திருப்பினும், அதனை விற்பதும் அத்தகையதை விலைக்கு வாங்குவதும் சட்டப்படி குற்றமாகும். வைத்திருப்பதற்கான விதிகளை வனத்துறையிடம் கேட்டறிதல் நலம். புதிய பெட்டி வாங்குவோர், அச்சிட்ட தாள் ஒட்டிய போலியா, உண்மையான பதிப்பா என்று விளிம்பை உற்று நோக்கவும். உண்மையான பதிப்பில் ஒவ்வொரு நிறமும் தனித்தனித் துண்டாக இருக்கும்.

தாராவி போன்ற பகுதிகளில் தோல், மண், நூல் கொண்டு கைத்தொழில் புரிவோருக்கும் இதே நிலைதான். ஈடாக வைக்க அவர்களிடம் திறமையே உண்டு. 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் ரூ. 10 லட்சம் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். அக்கடனைச் செவ்வனே திருப்பிச் செலுத்தியவர்களுக்கு உச்சவரம்பு ரூ. 20 லட்சமாக 2024இல் உயர்த்தப்பட்டது. தகுதியுடையோர் அருகிலுள்ள கிளையை அணுகலாம்.

மாதுங்கா, செம்பூர் வாசகர்கள் விடுமுறை நாளொன்றில் பைகுல்லாவிலுள்ள டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளுடன் சென்று வரலாம். 1872இல் திறக்கப்பட்ட அவ்வரங்கில், இந்நகரக் கைவினைஞர் காலத்தின் தடயங்களைக் காணலாம்.