கல்லான இருதயமும் வெனிஸ் வணிகனும்

சேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இன்பியல் நாடகங்களுள் வைக்கப்பட்டது. தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இதனை ‘வாணீபுர வணிகன்’ எனத் தழுவி எழுதினார். மூலத்தின் நான்காம் அங்கத்தில் வரும் வழக்குமன்றக் காட்சி போதகர் ஊன்றிப் படிக்கத்தக்கது.

ஷைலாக்கை இளகச்செய்ய முயல்வது கடலலையைத் தாழச் சொல்வதற்கும், ஆட்டுக்குட்டியைத் தின்ற ஓநாயிடம் நியாயம் கேட்பதற்கும் ஒப்பாகும் என்கிறான் அந்தோனியோ. எல்லாவற்றிலும் கடினமானது அந்த ‘யூத’ இருதயமே என முடிக்கிறான்.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே இடர் உண்டு. ‘கல்நெஞ்சன்’ என்னும் சொல் எளிதில் கைகொடுக்கும். ஆயினும் அது தனியொருவன் குணத்தையே சுட்டும். ஓர் இனத்தின்மேல் சாற்றப்பட்ட பழி மறையும். சாற்றியோரின் குற்றமும் உடன் மறையும்.

திருமறையில் எகிப்தின் பார்வோன் மட்டுமே கடின இருதயத்தான் அல்லன். எசேக்கியேல் 36:26 கல்லான இருதயத்தை இஸ்ரவேலருக்கே உரியதாகக் கூறி, அதனை மாற்றும் வாக்குறுதியையும் தருகிறது. மாற்கு 8:17இல் ஆண்டவர் தம் சீடரிடமே இவ்வினாவை எழுப்புகிறார். தன் மக்களைக் கடிந்துகொள்ள எழுந்த உருவகத்தை நாடகமாந்தர் பிறர்மேல் எறிகின்றனர். இரக்கத்தைப் போற்றிய அதே மன்றத்தில், ஷைலாக் கிறிஸ்தவனாக வேண்டுமென்று நிபந்தனையும் விதிக்கின்றனர்.

ஆகவே, அருளுரையில் இக்காட்சியைக் கையாள்வோர் யூதரைக் கடின இருதயத்திற்குச் சான்றாக நிறுத்துதல் தகாது. இரக்கம் பேசிய கிறிஸ்தவ மாந்தரின் இருதயம் எத்தகையது என்பதையே சபையின்முன் வினவுதல் வேண்டும்.