கூரைப் புடவை எடுக்கப் போகிறீர்களா?

கையில் உள்ள பணத்துக்கு என்ன வாங்கலாம்?

ஜவுளிக் கடை. பாய் விரித்த தரையில் பட்டுப் புடவைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. கல்யாணப் பெண்ணின் கண் ஓர் அரக்குச் சிவப்புப் புடவையிலேயே நிற்கிறது. விலை 40 ஆயிரம். அப்பா கொண்டு வந்ததோ 15 ஆயிரம்!

"கல்யாணம் ஒரு தடவைதானே சார்?" என்கிறார் கடைக்காரர்.

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக் கொள்கிறார். "வட்டிக்கு வாங்கினால் என்ன?" என்று நினைக்கிறார்.

பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைத் தெரிந்து கொண்டால் இந்தத் தவிப்பு வராது.

விலை ஏன் ஏறுகிறது?

பட்டுப் புடவையின் விலையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பட்டு, சரிகை, நெசவுக் கூலி.

அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதனால் வெள்ளியும் தங்கமும் விலை ஏறினால் புடவையும் விலை ஏறும்.

காஞ்சிபுரத்தில் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து கோப்பார்கள். இதற்குக் 'கோர்வை' என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் இருந்து உதவ வேண்டும். ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும். இருபது நாளும் ஆகும். அவ்வளவு உழைப்புக்கும் கூலி உண்டு அல்லவா?

ஐந்தாயிரத்துக்குள்

இந்தத் தொகைக்கு அசல் சரிகை கிடைக்காது. "அசல்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டும் பருத்தியும் கலந்து நெய்த புடவை வாங்கலாம். மயிலாடுதுறைப் பக்கம் உள்ள கூறைநாட்டில் நெய்த கட்டம் போட்ட புடவையைத்தான் ஒரு காலத்தில் பல வீடுகளில் தாலி கட்டும்போது உடுத்தினார்கள். அதில் பட்டும் உண்டு, பருத்தியும் உண்டு. எனவே இதில் குறைவு ஒன்றும் இல்லை.

பதினைந்தாயிரம் வரை

இந்தத் தொகைக்கு நல்ல பட்டு கிடைக்கும். ஆரணிப் பட்டு எடை குறைவு; உடுத்தச் சுகம். சரிகை மட்டும் பெரும்பாலும் 'ஹாஃப் ஃபைன்' வகையாக இருக்கும். அதில் உள்ளே இருப்பது செம்புக் கம்பி. மேலே வெள்ளி முலாம். பார்வைக்குக் குறை தெரியாது. ஆனால் அசல் சரிகையின் விலையை மட்டும் கொடுத்து விடாதீர்கள்!

அதற்கு மேல்

காஞ்சிபுரம், திருபுவனம் என்று அசல் சரிகைப் புடவைகளைப் பார்க்கலாம். கரை அகலமாக ஆக, முந்தானையில் வேலை கூடக் கூட, விலையும் கூடும், எடையும் கூடும். இதில் ஒரு லாபம் உண்டு. அசல் சரிகைப் புடவை பழசானாலும் வெள்ளிக்காக விலை போகும். மற்றதற்கு அந்த மதிப்பு இல்லை.

ஏமாறாமல் இருக்க

புடவையின் ஓரத்தில் தொங்கும் நூலில் ஓர் இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணிபோல் ஆனால் பாலியஸ்டர். காகிதம் எரிந்த வாடை வந்தால் செயற்கைப் பட்டு.

2004ஆம் ஆண்டு முதல் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறது. அது பட்டு அசல் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி, சரிகைக்கு அல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை.

சரிகையைச் சுரண்டினால் சிவப்பு நூல் தெரியும் என்பார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. போலியிலும் சிவப்பு நூல் வைக்கிறார்கள். சரிகையைச் சோதிக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'கைத்தறி', 'அசல் சரிகை' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. கடைகளில் தள்ளுபடி உண்டு. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியிலேயே எடுத்து வைக்கலாம்.

முகூர்த்தத்துக்கு ஒரு நாள் உடுத்தும் புடவைக்காக மூன்று வருஷம் வட்டி கட்டுவது புத்திசாலித்தனமா? குடும்பத்தார் உட்கார்ந்து தொகையை முடிவு செய்து கொண்டு, கடைக்காரரிடம் முதலிலேயே அதைச் சொல்லி விடுவது நல்லது.

அந்தக் கடையில் கல்யாணப் பெண் என்ன செய்தாள்? அரக்குச் சிவப்புப் புடவையை மடித்து வைத்தாள்.

"அப்பா, இது ரொம்பக் கனமாக இருக்கிறது. அந்த ஆரணிப் பட்டைக் காட்டச் சொல்லுங்கள்" என்றாள்.

அப்பாவின் கை சட்டைப் பையிலிருந்து இறங்கியது.