மொட்டைப் பனையை வெட்டாதீர்கள்

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தேன். விவசாயக் கடன் மனு வந்தால் தோட்டத்துக்கே போய் கிணறு, மோட்டார், மரம் எல்லாவற்றுக்கும் மதிப்பு எழுதுவேன். பட்டுப்போன மரத்துக்கு விறகு விலைதான்.

அந்தக் கணக்கோடுதான் ஓய்வுக்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டத்துத் தேரியில் நிலம் வாங்கி, வீடும் கட்டினேன். தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கும் செம்மணல். பெய்த மழை மேலே நிற்காது. ஆடிக்காற்றில் மணல் பறந்து வாசலில் குவியும். நம்ம ஊர்ப் பாலைவனம்.

நிலத்தில் நான்கு மொட்டைப் பனைகள் நின்றன. செங்கல் சூளைக்கு விலை கேட்டார்கள். மூன்றைக் கொடுத்துவிட்டேன். நான்காவதில் கோடாலி வைக்கும்போது பக்கத்துத் தோட்டத்துப் பனையேறிப் பெரியவர் ஓடி வந்தார். “அண்ணாச்சி, அத வெட்டிராதீய. உச்சிப் பொந்துல பனங்காடை குஞ்சு வச்சிருக்கு.”

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். நீலச் சிறகை விரித்து கடலைக் காட்டில் இறங்கும், வெட்டுக்கிளியோ வண்டோ அலகில் இருக்கும், பொந்துக்குப் போகும். ஒரு மணி நேரத்தில் 11 தடவை எண்ணினேன். வண்டுகள் மண்ணில் இடும் முட்டையிலிருந்துதானே கடலை வேரைத் தின்னும் வேர்ப்புழு வருகிறது!

வெட்டிய மூன்று மரத்திலும் எது குடியிருந்ததோ, நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு கடலையில் ஏக்கருக்கு 20 பறவை தாங்கி நட்டேன். ஆளுயரக் குச்சியில் குறுக்கே ஒரு கம்பு, அவ்வளவுதான். கரிச்சான்கள் உட்கார்ந்து புழு பிடிக்கின்றன. கம்பு, சோளம் போட்டவர்கள் கதிர் பால் பிடிக்கும்போது தாங்கியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு அதுவே வசதி. உடைமர நிழலில் அகலமான மண்சட்டியில் தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். நடுவில் ஒரு கல் கிடக்கும், சின்னக் குருவி முங்கிவிடக் கூடாதே. கோடையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுக் குடிக்கும்.

நட்டம் இல்லையா? உண்டு. மயில் கடலையைக் கிளறுகிறது. அதையும் பற்றில்தான் எழுதுகிறேன். ஆனால் வரவுப் பக்கத்தை எழுதாமல் கணக்கை முடிக்கக் கூடாது.

சூளைக்காரர் இந்த வருடமும் வந்தார். “பட்ட மரம்தானே சார்?” என்றார்.

“ஆள் குடியிருக்குய்யா” என்றேன்.