பொறுப்பான பிள்ளையா, பாரம் சுமக்கும் பிள்ளையா?

மலையகத்தில் உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தியின் காலைப்பொழுதைப் பாருங்கள். வயது ஒன்பது இருக்கும். அம்மா வேலைப் பிரட்டுக்குக் கிளம்பியதும் வீட்டுப் பொறுப்பு அவள் கைக்கு வந்துவிடும். தம்பிக்கு முகம் கழுவிவிட்டு, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு ஊட்டுவாள். தண்ணீர் பிடித்து வைப்பாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவிடம் விடுவாள். வீட்டைப் பூட்டி, சாவியை அடுத்த லயத்து அப்பாயியிடம் கொடுத்துவிட்டு, பனி விலகாத பாதையில் பாடசாலைக்கு நடப்பாள். கொழும்பில் இதே வயதுப் பிள்ளைக்குச் சப்பாத்து நாடா கட்டிவிட ஓர் ஆள் தேவைப்படலாம்.

பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்காதீர்கள், அதன் வேலையை அதுவே செய்யட்டும் என்று இன்றைய நிபுணர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி மலையகப் பிள்ளைகள்தான் முன்வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் வேலை தெரிந்த பிள்ளை எல்லாம் மனத்திடம் உள்ள பிள்ளையாக வளர்ந்துவிடுவதில்லை. சிலரை அந்தப் பொறுப்பு நிமிர்த்துகிறது. சிலரை அதே பொறுப்பு அழுத்திவிடுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளுள் மிக நீண்டவற்றில் ஒன்று நடந்ததும் ஒரு தோட்டப்புறத்தில்தான்.

கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. கரும்பும் அன்னாசியும் விளைந்த பெருந்தோட்டங்கள் நிறைந்த இடம். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் கூலிவேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1955ஆம் ஆண்டு அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர், ரூத் ஸ்மித் ஆகிய உளவியலாளர்கள் 40 வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 200 பேர் வறுமை, பிரசவச் சிக்கல், வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் எனப் பல பாதகங்களோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். அந்த 200 பேரில் மூன்றில் இரு பங்கினர் பதின்ம வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ சிக்கலுக்குள்ளானார்கள். மீதி 72 பேர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள்.

இந்த 72 பேரிடமும் இருந்தது என்ன? பண வசதி அல்ல. குழந்தைப் பருவத்திலேயே குறைந்தது ஒரு பெரியவரோடு அவர்களுக்கு உறுதியான பிணைப்பு இருந்தது. அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, சித்தி, மூத்த சகோதரி, பிற்பாடு ஒரு ஆசிரியர் அல்லது அயல்வீட்டார் என யாரோ ஒருவர் மாறாமல் கூட இருந்திருக்கிறார். இன்னொன்றையும் வேர்னர் கவனித்தார். இந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டு வேலை செய்தவர்கள். தாய் வேலைக்குப் போனபோது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர்கள். தான் இல்லாவிட்டால் வீடு ஓடாது என்ற உணர்வு அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது.

ஆகவே உடப்புசல்லாவைச் சிறுமி தம்பியைத் தூக்கிச் செல்வது தன்னளவில் கேடானதல்ல. அவள் சாய்ந்துகொள்ள ஒரு தோள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் பெற்றோரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிரெகரி ஜர்கோவிச், சுமையின் அளவோடு நியாயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். வேலை வயதுக்கு ஏற்றதாக இருந்து, பெரியவர்கள் அதைக் கண்டு பாராட்டினால் அது பொறுப்பு. யார் கண்ணிலும் படாமல், ஓய்வுமில்லாமல், அப்பாவின் குடியையும் அம்மாவின் கண்ணீரையும்கூட அவளே சமாளிக்க வேண்டி வந்தால் அது பாரம்.

ஒட்டியிருந்தால்தான் விலக முடியும்

பிள்ளையை அதிகம் தூக்கினால் அது தூக்கச் சொல்லியே பழகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. உளவியலாளர் மேரி எயின்ஸ்வேர்த் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உகண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களை வீடுவீடாகப் போய்க் கவனித்தபோது இதற்கு நேர்மாறானதைக் கண்டார். தோட்டவேலை பார்த்த அந்தத் தாய்மாரில், குழந்தையின் அழுகையைப் புரிந்து உடனுக்குடன் கவனித்தவர்களின் பிள்ளைகள்தான் துணிந்து தவழ்ந்துபோய்ப் புதியதைத் தொட்டுப் பார்த்தன. அவ்வப்போது திரும்பி அம்மா இருக்கிறாளா என்று ஒரு பார்வை; பிறகு மறுபடியும் பயணம். தாய் அங்கே ஒரு தளமாக இருந்தாள். அந்தத் தளம் ஆட்டம் கண்டிருந்த பிள்ளைகள்தான் விலக அஞ்சின.

தேயிலைக் கன்றை நாற்றுமேடையிலிருந்து எடுத்த எடுப்பில் மலையில் நடுவதில்லை. நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கி, அதன்பிறகே நடுகிறார்கள். பிள்ளைக்கும் வரிசை அதுதான்.

காலை அவசரத்தில் ஒரு வழக்கம் நம் எல்லா வீடுகளிலும் உண்டு. பிள்ளை அழுமென்று, அது விளையாடிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடுவது. அன்றைய அழுகை மிச்சமாவது உண்மை. ஆனால் அம்மா எந்த நேரமும் மாயமாகிவிடலாம் என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. மறுநாளிலிருந்து முந்தானையை விடாது. “அம்மா மலைக்குப் போறேன். அந்திக்குக் கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வந்து உன்னத் தூக்கிக்குவேன்” என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும், அழட்டும். அந்தியில் அந்தச் சொல் பலிக்கும்போது, போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதற்குள் ஊன்றுகிறது. பிற்காலத்தில் அது தனியாக நிற்பது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

சொன்ன சொல்லும் பொறுமையும்

ஒரு இனிப்பை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தொடாமல் காத்திருந்தால் இன்னொன்று தருகிறேன் என்று குழந்தைகளைச் சோதிக்கும் பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். காத்திருக்கும் பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு அதிகம் என்றுதான் நீண்டகாலம் நினைத்தார்கள். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பை அசைத்துவிட்டது. அவர் 28 சிறுபிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார். நல்ல வர்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று இரு குழுவுக்கும் வாக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு வாக்குக் காப்பாற்றப்பட்டது. மற்றதற்கு, மன்னித்துக்கொள், இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. அதற்குப் பிறகே இனிப்பு வைக்கப்பட்டது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடத்தில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பெரியவர்களின் பேச்சை நம்ப முடியாத இடத்தில், கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

அம்மாவோ அப்பாவோ கொழும்பிலோ குவைத்திலோ இருக்கும் வீடுகள் இதை மனதில் வைக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களை இலங்கையின் பல மாவட்டங்களில் ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் இருவரிடம் உளநலச் சிக்கலின் அறிகுறிகள் இருப்பதாகக் கண்டது. பயணத்தைத் தவிர்க்க முடியாத குடும்பங்களும் ஒரு காரியம் செய்யலாம். “தீபாவளிக்குக் கட்டாயம் வருவேன்” என்று உறுதியில்லாத நாளைச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு என்று காப்பாற்றக்கூடிய சிறிய வாக்கைக் கொடுத்து, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். பேசும்போது எத்தனை புள்ளி எடுத்தாய் என்று தொடங்காமல், இன்று யாரோடு விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். புறப்படுமுன் பாட்டியையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்து, இனி யார் குளிக்க வைப்பார், காய்ச்சல் வந்தால் யார் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

பிள்ளைக்காம்பராவில் பேச்சும் விளையாட்டும்

தோட்டப் பிள்ளையின் பகல் பொழுதில் பெரும்பகுதி கழிவது பிள்ளைக்காம்பராவில். இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறோம். பல இடங்களில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். இருந்தும், பால் கொடுத்தார்களா, தூங்க வைத்தார்களா என்பதோடு பெற்றோர் பலரின் கேள்வி நின்றுவிடுகிறது. பால் மட்டும் போதுமா?

2016ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17.3 வீதம். இதே குறையுள்ள 129 குழந்தைகளை ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில் 1980களில் ஆய்வாளர் சாலி கிரான்தம் மெக்கிரகர் தம் ஆய்வுக்குத் தெரிவு செய்தார். சிலருக்கு வாரந்தோறும் பால்மா, சிலருக்கு வாரம் ஒரு மணிநேர விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. சுகாதாரத் தொண்டர் ஒருவர் வீட்டுக்குப் போய், பிள்ளையோடு பேசுவதற்கும் விளையாடுவதற்கும் தாய்க்குக் காட்டிக் கொடுப்பார். விளையாட்டுப் பொருட்கள் பெரும்பாலும் கழிவுப் பொருட்களில் செய்தவை. இரண்டு வருடம் இது நடந்தது. 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மனச்சோர்வும் அடிதடியும் அவர்களிடம் குறைந்திருந்தன. பால்மா மட்டும் பெற்றவர்களிடம் இந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

திரிபோஷச் சத்துமா வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. வயிறு நிறைவதோடு வாயும் காதும் நிறைய வேண்டும். வெறும் பால்மா டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்கலாம். யோகட் கோப்பைகளை அடுக்கலாம். எது பெரிது எது சிறிது என்று கேட்கலாம். பிள்ளை ஒரு சத்தம் போட்டால் பெரியவர் பதில் சத்தம் போட வேண்டும். கையில் கொடுத்த கைத்தொலைபேசி சத்தம் போடும். பிள்ளையின் முகம் பார்த்துப் பதில் சொல்லாது.

அப்பாக்களின் பிற்பகல்

இத்தனைக்கும் அம்மாவுக்கு நேரம் ஏது? தோட்டத்தில் பெண்கள் அந்திவரை கொழுந்தெடுக்க, ஆண்களின் மலைவேலை பெரும்பாலும் பிற்பகலிலேயே முடிந்துவிடும். அதன்பின் சிலர் மரக்கறித் தோட்டங்களில் கைக்காசுக்கு வேலை பார்ப்பதும் உண்டு. அப்படிப் போகாத நாட்களில் வீட்டில் நேரம் கையிலிருப்பது அப்பாவுக்குத்தான். பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது, பாடசாலைக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது, குளிக்க வைப்பது ஆகியவற்றை அவர் எடுத்துக்கொண்டால், ஒன்பது வயது அக்காவுக்கு விளையாட ஒரு மணிநேரம் கிடைக்கும்.

லயத்தில் சுவர் ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். சண்டை நடந்தால் பிள்ளையிடம் மறைக்க வழியில்லை. பெற்றோர் சண்டையை ஆராய்ந்த உளவியலாளர் மார்க் கமிங்ஸ், சண்டை சமாதானத்தில் முடிவதைக் கண்ட பிள்ளைகளின் பதற்றம் கணிசமாகக் குறைவதைக் காட்டினார். ஆகவே பிள்ளை முன் சண்டை போட்டவர்கள், பிள்ளை முன்னாலேயே சமாதானமும் ஆகட்டும்.

பிள்ளையைப் பாதிக்கும் பழக்கங்களில் பயமுறுத்தல் இன்னொன்று. சாப்பிடாவிட்டால் பொலிஸ்காரர் பிடித்துப் போவார், டொக்டர் ஊசி போடுவார் என்று மிரட்டினால் அப்போதைக்குக் காரியம் நடக்கும். நாளைக்கு இராகலைச் சந்தையில் கைதவறிப்போன பிள்ளை, உதவிக்கு நிற்கும் பொலிஸ்காரரைக் கண்டுதான் முதலில் பயந்து ஓடும். பாடசாலையில் பிரம்பு கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்கும் அதே நியாயம்தான். அடிக்குப் பயந்த ஒழுக்கம் அடிப்பவர் பார்க்கும்வரைதான் நிற்கும். யாரும் பார்க்காத இடத்தில் சரியாக நடப்பதற்குப் பெயர்தான் சுயாதீனம்.

பாரம் கூடிவிட்டதா?

அடிக்கடி காரணமில்லாத வயிற்றுவலி, வகுப்பில் தூக்கம், விளையாடக் கூப்பிட்டாலும் போகாமல் நிற்பது, சிறு தவறுக்கும் நடுங்குவது, வயதுக்கு மீறிய பணக்கவலை. இவற்றில் சில ஒன்றாகச் சில வாரம் தொடர்ந்தால், “எங்க பிள்ளை ரொம்பப் பொறுப்பு” என்று பெருமைப்படுவதை நிறுத்திவிட்டு வகுப்பாசிரியரிடமோ தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாதுவிடமோ பேசுங்கள். துன்புறுத்தல் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கமும், உளநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கமும் இருக்கின்றன.

பாரம் குறைய வேண்டுமானால் பெரியவர்களுக்குப் பிள்ளையோடு இருக்க நேரம் வேண்டும். பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டுமென்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. ஆனால் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் அந்த உரிமை நின்றுவிடும். அதற்குமேல் பிள்ளைக்கு வேண்டிய நேரத்தைக் குடும்பமும் தோட்ட நிர்வாகமும் பாடசாலையும் பங்குபோட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தாமதமாகிவிட்டதே என்று நினைக்கும் பெற்றோருக்கும் கவாய் ஆய்வில் ஒரு செய்தி உண்டு. 18 வயதில் தடம் மாறியிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் 30களிலும் 40 வயதிலும் நிமிர்ந்துவிட்டார்கள். தொழில் கற்க ஓர் இடமோ, மறுபடி படிக்க ஒரு வாய்ப்போ, நல்ல வாழ்க்கைத்துணையோ அவர்களைத் திருப்பியது. தம்பியை வளர்த்ததில் தன் படிப்பைத் தவறவிட்ட அக்கா உங்கள் லயத்தில் இருந்தால், சாதாரண தரப் பரீட்சையை அவள் மறுபடி எழுதலாம், தொழிற்பயிற்சிக்குப் போகலாம். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, பஸ் காசும் கொடுத்து, முதல் நாள் கூடவே போய் விட்டுவர ஒருவர் முன்வந்தால் போதும்.