பழைய ஒலிபெருக்கியின் குரல்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் புதிய ஆடைகளோடு பழம்பொருள்களும் விற்பனைக்கு வருவதுண்டு. மரப்பெட்டியில் அமைந்த பழைய ஒலிபெருக்கி ஒன்று அங்கே கிடைக்குமாயின், வாங்குபவர் மனத்தில் எழும் முதல் வினா, ‘இது பாடுமா?’ என்பதே. அதற்கு விடைகாணும் ஆவலில் உடனே ஆம்ப்ளிஃபயருடன் இணைத்து உரக்க இயக்குவது பெரும்பிழை. பல்லாண்டுகள் தாங்கிய கருவி சில நொடிகளில் பாழாகலாம்.

ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் 1925ஆம் ஆண்டு விளக்கிய அமைப்பே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் உள்ளது. காந்தத்தின் குறுகிய இடைவெளியில் கம்பிச்சுருள் ஒன்று நிற்கிறது. மின்னோட்டத்திற்கேற்ப அது முன்னும் பின்னும் அசைய, அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அதிரச் செய்கிறது. கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தினால் ஓசையின்றி நகர வேண்டும். உரசும் ஒலி கேட்டால், சுருள் இடம்பெயர்ந்திருக்கலாம். இடைவெளியில் துரு படிந்திருக்கலாம். உப்புக்காற்று வீசும் கடற்கரை நகரில் இரண்டாவதையே நான் முதலில் ஐயுறுவேன்.

அடுத்து மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். ‘8 ஓம்’ எனப் பொறிக்கப்பட்டது ஏறத்தாழ 6 ஓம் காட்டும். இது பழுதன்று, பொறித்திருப்பது மாறுதிசை மின்னோட்டத்திற்குரிய மின்னெதிர்ப்பு. அளவே காட்டாவிடில் கம்பி அறுந்துள்ளது எனலாம். 1.5 வோல்ட் மின்கலத்தைக் கணநேரம் தொடுவித்தால், நல்ல சுருள் ‘டப்’ என ஒலிக்கும்.

உயர்சுருதி ஒலிகளை மட்டும் சிறிய ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மின்தேக்கி, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமையடையும். மின்பகுளி வகையாயின், உள்ளிருக்கும் ஈரம் ஆண்டுகள் செல்லச்செல்ல உலர்கிறது. சலங்கையொலி மங்கும், கேட்பவரோ தம் செவியையே நொந்துகொள்வார்! ஒரு முனையைக் கழற்றிய பின்னரே அதனை அளக்க வேண்டும். மாற்றுவதாயின், அதே மைக்ரோஃபாரட் அளவுள்ள, நேர்முனை எதிர்முனை வேறுபாடற்ற வகையே பொருந்தும்.

கூம்பின் விளிம்பிலுள்ள நுரைவளையம் ஈரக்காற்றில் சிதைந்து, தொட்டால் பொடியாக உதிரும். அதற்காகக் கூம்பையும் எறிந்துவிடுவது வீண்செயல். கருவியின் இயல்பான குரல் பெரிதும் அக்காகிதத்தில்தான் உள்ளது. பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டிப் புதிய வளையத்தை ஒட்டலாம். நடுவிலுள்ள மூடியை அகற்றி, சுருளுக்கும் உட்காந்த முனைக்கும் இடையே மெல்லிய தாள்துண்டுகளைச் செருகினால், பசை காயும்வரை சுருள் நடுவே நிற்கும். காய்ந்தபின் தாள்களை உருவிவிட்டு, மீண்டும் கூம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். உரசல் இல்லையெனில், மிகத் தாழ்ந்த ஒலியில் தெரிந்த பாடல் ஒன்றை ஒலிக்கவிடலாம்.