தமிழ் படித்தால் என்ன வேலை?

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் நாட்களில் பி.ஏ. தமிழ் வரிசையில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் நிற்கிறார்கள். சிலர் விரும்பிக் கேட்டு வாங்கியவர்கள். பலர், கேட்ட பாடம் கிடைக்காததால் இதில் சேர்ந்தவர்கள். இரு தரப்பாரையும் ஊரில் ஒரே கேள்விதான் வரவேற்கிறது: "தமிழ் படிச்சு என்னத்தப் பண்ணப் போற?"

இதற்குப் பதில் சொல்ல நம் வீடுகளில் ஆள் இல்லை. அப்பா கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பங்களில், எந்தத் தேர்வு எப்போது வரும், எந்தச் சான்றிதழை எப்போது வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்ல அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார். நம் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது. மாலை நேரப் படிப்பகங்களில் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். அதனால் தமிழ் மாணவர்களுக்குத் திறந்திருக்கும் வழிகளை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து இங்கே எழுதுகிறோம்.

கைக்கு எட்டும் தூரத்தில் குரூப் 4

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். இதில் 100 கேள்விகள், அதாவது 150 மதிப்பெண், தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு. இந்தப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற விடைகள் திருத்தப்படுவதே இல்லை. இலக்கணமும் இலக்கியமும் அன்றாடம் படிக்கிற மாணவருக்கு இது சொந்த வயல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகள் இதன் வழியே வருகின்றன. தட்டச்சுத் தேர்ச்சியும் இருந்தால் தட்டச்சர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு நேரடி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இதற்கான சான்றிதழைப் படித்த பள்ளிகளில் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் தலைமையாசிரியரைத் தேடி அலைந்து வாய்ப்பை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்.

பி.எட். படிக்கும் முன்

தமிழ் என்றால் வாத்தியார் வேலை என்பதுதான் ஊரில் உள்ள எண்ணம். அது நல்ல வழிதான். ஆனால் முழு விவரமும் தெரிந்து போக வேண்டும். பி.ஏ., பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாளில் வென்றாலும் அதோடு வேலை வந்துவிடாது. 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி பணி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்த அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. எனவே தனியார் பி.எட். கல்லூரியில் வட்டிக்குக் கடன் வாங்கிச் சேர்வதற்கு முன் அரசு கல்வியியல் கல்லூரிகளில் இடம் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

ஆய்வுக்கும் உதவித்தொகை உண்டு

கல்லூரிப் பேராசிரியர் ஆக விரும்பினால் எம்.ஏ. படிக்கும்போதே யு.ஜி.சி. நெட் தேர்வை மனதில் வையுங்கள். முதுகலை இறுதி ஆண்டு மாணவர்களும் எழுதலாம். நம் மாணவர்களுக்கு எம்.ஏ.வில் 50 சதவீத மதிப்பெண் போதும். இளநிலை ஆய்வாளர் தகுதிக்கான வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு. அந்தத் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது. இது தவிர பட்டியல் சாதி மாணவர்களுக்கென்றே தேசிய ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது.

கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகள் கழிவதும் நடக்கிறது. அதையும் தெரிந்துகொண்டு இந்த வழியில் இறங்குங்கள்.

கல்வெட்டும் சுவடியும்

நம் பிள்ளைகள் அதிகம் போகாத துறை தொல்லியல். 2020இல் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்புக்கான அறிவிப்பில் செம்மொழிப் பட்டியலில் தமிழ் விடுபட்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது. அப்படிப் போராடிப் பெற்ற இடத்தில் நாமும் போய் உட்கார வேண்டும். தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கத் தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள் தேவை. ஊர், சேரி, நிலம், வரி, அடிமை என்று நம் முன்னோர் வாழ்க்கையும் அந்தக் கற்களில் இருக்கிறது. அதை வாசிப்பவர் யார் என்பது நமக்கு முக்கியம்.

மொழிபெயர்ப்பும் பத்திரிகையும்

நீதிமன்றங்களிலும் அரசுத் துறைகளிலும் மொழிபெயர்ப்பாளர் பணிகள் உள்ளன. பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவோரும் தொலைக்காட்சிகளுக்குச் செய்தி எழுதுவோரும் தேவைப்படுகிறார்கள். செயலிகளையும் இணையதளங்களையும் தமிழாக்கும் வேலைகளும் வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: தமிழோடு ஆங்கிலமும் கணினித் தட்டச்சும் தெரிய வேண்டும். தினமும் ஒரு ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதிப் பழகினால் மூன்று ஆண்டில் கை தேறிவிடும். இதற்குப் பணச் செலவு கிடையாது.

எழுத்துத் தொழில் நமக்குப் புதிதும் அல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நம் காலத்தில் ராஜ் கௌதமன் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே தலித் பார்வையில் இலக்கிய வரலாற்றை எழுதினார். பாமாவும் இமையமும் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தபடியே நாவல்கள் எழுதினார்கள். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனதுக்கு எழுத்து என்று இரண்டையும் சேர்த்தே நடத்தியிருக்கிறார்கள்.

ஐ.ஏ.எஸ். கனவும் தமிழில் காணலாம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். எழுத்துத் தேர்வு மொத்தமே 1,750தான். பட்டியல் சாதியினருக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத அனுமதி உண்டு. 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, பத்து மாதங்களுக்கு மாதம் 7,500 ரூபாய் கொடுக்கிறார்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

முதல் ஆண்டில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தமிழ் வழிச் சான்றிதழ் மூன்றையும் சரிபார்த்து வையுங்கள். தட்டச்சில் சேருங்கள். இரண்டாம் ஆண்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போய்வாருங்கள். அங்கே பயிற்சி இலவசம். தாட்கோ நடத்தும் பயிற்சிகளையும் விசாரியுங்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு போட்டித் தேர்வையாவது எழுதிப் பாருங்கள்.

மாணவர்களிடம் மட்டும் இதைச் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. வேலைவாய்ப்பு முகாம் என்றால் கணினி, வணிகவியல் மாணவர்களை மட்டும் கூப்பிடுகிற வழக்கத்தைக் கல்லூரிகள் விட வேண்டும். தமிழ்த் துறைக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியரை நியமிக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். அந்த விடுதி ஒவ்வொன்றிலும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் இரண்டு நாளிதழ்களும் ஒரு கணினியும் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம்.

ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்ட அண்ணன், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, நீங்கள் எழுதிய தேர்வைப் பற்றிப் பத்துப் பிள்ளைகளிடம் பேசுங்கள். விண்ணப்பம் நிரப்பக் கூட உட்காருங்கள். நம் பிள்ளைகளுக்கு இல்லாத அந்தப் பெரியப்பாவின் வேலையை இனி நீங்கள்தான் செய்ய வேண்டும்.